கொசுவின் கதவு எண்

இசக்கிராஜாவைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது என்பது, அவனை அடக்கம் செய்த மறுநாள் காலை பத்தேகாலுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

மணியாற்றூர் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்த சகாயசெல்விதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்று சொல்வதுகூட அதிகம். இசக்கிராஜா குடியிருந்த வாய்க்கால் தெருவில் விளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த கொசுப் பொறியைக் கழற்றிக் கொண்டுவந்து அலுவலகத்துச் சோதனைப் பெட்டிக்குள் செருகினாள், அவ்வளவுதான். பெட்டி ஒரு நிமிடம் முனகியது. பிறகு திரையில் எழுதிக் காட்டியது. பொறியில் ஒன்பது கொசுக்கள். மூன்றின் உடம்பில் டெங்குக் கிருமி. ஒன்பதும் பிறந்த இடம் ஒன்றே: வார்டு பதினொன்று, கதவு எண் முப்பத்துநான்கு.

செத்துப்போனவனுக்கு இருபத்தொன்பது வயது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். நாலே நாள் காய்ச்சல். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பேச்சித்தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த விதத்தைச் சகாயசெல்வி பார்த்திருந்தாள். அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு கோபம் வந்தது. யார் அது, மூடாத தொட்டியை வைத்துக்கொண்டு ஓர் ஆளைக் கொன்றது?

நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படி எந்த வீடு என்று கேட்கவே முடியாது. அப்போதெல்லாம் அவள் வீடு வீடாக ஏறி இறங்குவாள். டிரம் மூடியைத் திறந்து டார்ச் அடிப்பாள். பூந்தொட்டியைக் கவிழ்ப்பாள். வாசலுக்கு வாசல் ஒரு சண்டை நடக்கும். முதலில் உங்கள் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற சாக்கடையைப் போய்ப் பாருங்கள் என்பார்கள். பொதுச் சுகாதாரத் தொல்லைத் தடுப்புத் துணைவிதிகள் என்று நகராட்சி புதிதாக எழுதிய விதிகள் வந்தபின் எல்லாம் சுத்தமாக மாறிவிட்டது. கொசுவே விலாசம் சொல்லும். அது சொல்கிற வீட்டுக்கு மட்டும் போனால் போதும். மற்ற வீட்டுக்குள் ஆய்வாளர் கால் வைக்கக்கூடாது என்றே ஒரு விதி இருந்தது. ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. சகாயசெல்வியின் முழங்காலுக்கும் பிடித்திருந்தது.

விதிப்படி முப்பத்துநான்கு என்ற எண்ணை வார்டுப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். ஏழு நாள் அவகாசம். அதற்குள் தண்ணீர் தேங்கும் இடத்தைக் காட்டி அழிக்கவேண்டும். இல்லையென்றால் சொத்தே தொல்லை என்று அறிவித்து, குழாயைத் துண்டித்து, வீட்டுக்குச் சீல் வைக்கலாம்.

வாய்க்கால் தெருவின் தலைமாட்டில் இருந்தது வீடு. மாசானமுத்து என்பவருடையது. தனி ஆள், ஐம்பத்தைந்து இருக்கும். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அவர் முற்றம் முழுக்கப் பழைய கிரைண்டர்கள், பம்புசெட்டுகள், இறக்கை கழன்ற மின்விசிறிகள். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும், கொசு அங்கேதான் பிறந்திருக்கும் என்று சொல்லியிருப்பார்கள்.

சகாயசெல்வி இரண்டு மணி நேரம் தேடினாள். ஒரு கரண்டித் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

எல்லாச் சாமானும் தார்ப்பாயால் மூடியிருந்தது. தார்ப்பாயும் மழைநீர் வழிந்தோடும்படி சரிவாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் பட்டால் காயில் எரிந்துபோகும், என் பிழைப்பே தண்ணீரை அண்டவிடாமல் இருப்பதுதான் என்றார் மாசானமுத்து. மாடித் தொட்டிக்கு இரட்டை வலை போட்டிருந்தார். வீட்டுக்குள் இருந்தது ஒரே ஒரு குடம், அதுவும் காலி. பதினாறு வருஷ வேலையில் இவ்வளவு காய்ந்த வீட்டை அவள் பார்த்ததில்லை. அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

மாசானமுத்துவுக்கும் ஒரு குறுகுறுப்பு இருந்தது. வாசலில் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் நகராட்சி மாட்டியிருந்த, கட்டைவிரல் அளவுப் பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

"இது என்ன கணக்குல வேல செய்யுதுன்னு சொல்லுங்க மேடம். நாலு வருசமா மாட்டி வச்சிருக்கீய, கழத்திப் பாக்கவும் விடமாட்டேங்கீய."

"குழாய்ல வர்ற தண்ணியில அது ஒரு பொடியக் கலக்குது அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு பொடி வேற. நாம குடிச்சா ஒண்ணும் செய்யாது. கொசுப் புழு தின்னா, அது வளந்து பறந்து போன பொறவும் உடம்புலயே இருக்கும். மாடியில, முத்தத்துல மழத் தண்ணி நின்னாலும் தப்பாது. மாசம் ரெண்டு தடவ ட்ரோன் வந்து தூவுதுல்ல, அதுவும் உங்க கதவு எண்ணுக்கான பொடிதான்."

"அப்போ கொசு விலாசத்தச் சொமந்துகிட்டே திரியுது."

"ஆமா."

அவர் மீட்டரிலிருந்து உள்ளே போகும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கேட்டார்: "வீட்டோட விலாசத்தயா, தண்ணியோட விலாசத்தயா?"

இரண்டும் ஒன்றுதானே என்றாள் சகாயசெல்வி. அவர் முகம் கறுத்துப்போனதை அவள் கவனித்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் மறுபடியும் போனபோது வாசலில் கூட்டமாக இருந்தது. பேச்சித்தாய் வந்திருந்தாள். கத்தவில்லை. குனிந்து தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, மாசானமுத்துவின் கதவில் எறிந்தாள். மறுபடி குனிந்தாள், மறுபடி எறிந்தாள். கதவருகே மாசானமுத்து கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். மண் அவர் சட்டையிலும் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, நகரவும் இல்லை. பேச்சித்தாயின் கை ஓய்ந்தபின் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளை அணைத்து அழைத்துப்போனார்கள்.

தப்பே செய்யாதவர் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கமாட்டாரா? இந்தக் கேள்வி சகாயசெல்வியை விடவில்லை. அலுவலகத்துப் பெட்டிதான் பொய் சொல்கிறதோ என்று சோதித்துப் பார்த்தாள். தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் புழுவை வளர்த்துக் கொசுவாக்கிக் கொண்டுபோனாள். பெட்டி அவள் கதவு எண்ணைச் சரியாகச் சொன்னது. அலுவலக வளாகத்துக் கொசுவைச் செருகினாள், அலுவலகத்தின் எண் வந்தது. பெட்டியில் குற்றம் இல்லை.

அதற்குள் ஏழு நாளில் ஆறு நாள் கழிந்திருந்தது. வேறொரு வார்டில் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி மறுபடி அவள் காதில் விழுந்த மாதிரி இருந்தது. வீட்டின் விலாசமா, தண்ணீரின் விலாசமா? எழுதுவதை நிறுத்தினாள். வீடு நகராது. தண்ணீர் நகரும்.

ஏழாம் நாள் வாய்க்கால் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை. காலை ஆறரைக்கு மாசானமுத்து வீட்டின் பின்பக்கச் சந்துக்குப் போய் நின்றாள். மதிலுக்கு மேலே ஒரு பச்சை ஹோஸ் எட்டிப் பார்த்தது. அதன் கீழே பதினைந்து இருபது பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். குழாயடிச் சத்தம் எதுவும் இல்லை. ஒருத்தி நகர்ந்தால் அடுத்தவள் குடத்தை வைத்தாள்.

அவளைக் கண்டதும் வரிசை அப்படியே நின்றுவிட்டது. சகாயசெல்வி முகங்களைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதவு எண் ஞாபகத்துக்கு வந்தது.

துணைவிதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: ஒரு வீட்டு விலாசத்தோடு மூன்று முறை கொசு பிடிபட்டால், அந்த வீட்டுக் குழாயைத் தொண்ணூறு நாளுக்குத் துண்டிக்கலாம். தண்ணீர் இல்லையென்றால் கொசுவும் இல்லை என்பது அதன் நியாயம். துண்டித்த வீட்டுக்கு மற்றவர்கள் தண்ணீர் தருவதும் குற்றம். வாய்க்கால் தெருவிலும் பக்கத்துச் சந்திலுமாகப் பத்தொன்பது வீடுகளுக்கு அப்படித் துண்டித்திருந்தார்கள். பத்தொன்பது ஆணையிலும் சகாயசெல்வியின் கையெழுத்து இருந்தது.

வரிசையின் முதலில் நின்ற பெண்ணிடம் நாலு குடங்கள் இருந்தன. இரண்டு தன்னுடையவை, இரண்டு பேச்சித்தாயுடையவை என்றாள். அவள் இங்கே வரமாட்டேன் என்கிறாள், நான்தான் கொண்டுபோய் அவள் டிரம்மில் ஊற்றுகிறேன் என்றாள். பேச்சித்தாயின் குடத்தை முதலில் நிரப்பச் சொல்லி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சிதான் சொல்லியிருக்கிறாராம்.

சகாயசெல்வி முன்வாசல் வழியாக உள்ளே போனாள். மாசானமுத்து ஹோஸைப் பிடித்தபடி நின்றிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச அவருக்கு மனமில்லை. வரிசை முடியட்டும் என்றார். முடிகிற வரை அவள் ஒரு கிரைண்டர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் குழாயை மூடிவிட்டு வந்து எதிரே நின்றதும், எப்போது தெரிந்தது என்று கேட்டாள்.

"நீங்க பொடியப் பத்திச் சொன்னீயளே, அப்பவே."

"ஏன் அண்ணாச்சி சொல்லல? கொழாய்த் தண்ணி கொடுத்ததுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கும். வீடு போவுற அளவுக்கு ஆயிருக்காதே."

"சொன்னா நீங்க எங்க போவீய? பத்தொம்பது டிரம்மயும் தெறந்து பாப்பீய." ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ள தன் இடுப்புல சொமந்து கொண்டுபோயி ஊத்துன தண்ணி மேடம். புருசனக் கொன்ன கொசு அதுலதான் பொறந்துச்சுன்னு அவகிட்ட யாரு போயிச் சொல்லுவா? என் வீட்டுலன்னே இருக்கட்டும். நான் கம்பி சுத்துதவன். எந்த ஊர்லயும் போயிச் சுத்துவேன்."

"உங்க வீட்டுக்குச் சீல் வச்சா, அடுத்த மொறைக்கு இந்தப் பத்தொம்பது குடும்பமும் எங்க போயித் தண்ணி பிடிக்கும்?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில் பேச்சித்தாயின் கையெழுத்து தேவைப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு சகாயசெல்வி அவள் வீட்டுக்குப் போனாள். கொசுவின் விலாசம் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வாங்க என்றாள் பேச்சித்தாய்.

அடுப்படி மூலையில் டிரம் இருந்தது. மேலே ஒரு பலகை, ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. சகாயசெல்வி அனுமதி கேட்டுப் பலகையை நகர்த்தி டார்ச் அடித்தாள். நீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின. பாட்டிலை முக்கி எடுத்தாள். பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க மற்றப் பதினெட்டு வீடுகளுக்கும் ஏறி இறங்கினாள். யாரும் சண்டை போடவில்லை. குழாய் இருந்தவரை முறை நாளில் மூடிய தொட்டியில் நிரப்பிக்கொள்வோம், துண்டித்த பிறகுதான் டிரம் வாங்கினோம் என்றே எல்லா வீட்டிலும் சொன்னார்கள். பத்தொன்பதில் பதினாலு டிரம்மில் புழு இருந்தது. பதினாலு வீட்டுப் புழுவையும் பெட்டி ஒரே மாதிரி வாசித்தது. வார்டு பதினொன்று, கதவு எண் முப்பத்துநான்கு.

மாலை ஐந்து மணிக்கு ஆணையர் அருளாளன் முன்னால் கோப்பை வைத்தாள். விதிகளை எழுதியவரே அவர்தான். கெட்டிக்காரர், கேட்கத் தெரிந்தவர். கோப்பை முழுக்கப் படித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, இசக்கிராஜாவைக் கடித்த கொசு இந்தப் பதினாலில் எந்த டிரம்மில் பிறந்தது என்பதுதான்.

"சொல்ல முடியாது சார். பத்தொம்பது வீட்டுக்கும் ஒரே தண்ணி. ஒரே விலாசம்."

அது உண்மை. பெட்டிக்குத் தெரிந்த அளவு உண்மை. பேச்சித்தாயின் அடுப்படியில் தான் கண்டதை அவள் சொல்லவில்லை, கோப்பில் எந்த வீட்டின் பெயரையும் எழுதவும் இல்லை. எண்ணிக்கை மட்டும் இருந்தது. குழாய் துண்டிக்கும் முன் அந்தத் தெருவில் மாதத்துக்கு எத்தனை கொசு பிடிபட்டது, துண்டித்தபின் எத்தனை என்று. இரண்டாவது எண் முதலாவதைப்போல் மூன்று மடங்கு.

கோப்பின் கடைசித் தாள் ஒரு நோட்டீஸ். தெருவில் அவள் வழக்கமாகக் கொடுக்கிற அதே படிவம். தொல்லைக்குப் பொறுப்பானவர் என்றால் அந்த நிலைமையை உண்டாக்கியவர் என்று மூன்றாம் விதி விளக்கம் சொல்லியிருந்தது. அந்த இடத்தில், 'ஆணையர், மணியாற்றூர் நகராட்சி' என்று எழுதியிருந்தாள்.

ஆணையர் அதை இரண்டு தடவை படித்தார். துண்டிப்பு ஆணைகளில் கையெழுத்துப் போட்டது யார் என்று நிதானமாகக் கேட்டார்.

"நான்தான் சார். கீழ பாருங்க, என் பேரும் இருக்கு."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்தினால் ஜனங்கள் தண்ணீரைச் சேர்த்து வைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்றார். வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறவருக்கு அது தோன்றாதுதான்.

இரண்டு வாரத்தில் பதினான்காம் விதி போய்விட்டது. பத்தொன்பது குழாய்களும் திரும்ப வந்தன. வார்டுப் பலகையிலிருந்து முப்பத்துநான்கை அழித்தார்கள். ஆனால் அருளாளனுக்குத் தன் பெட்டியின்மேல் பிரியம் குறையவில்லை. ஒரு கொசு விலாசத்தை மறைத்துக்கொண்டு பறந்தது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, டிரம் இருக்கத்தான் செய்யும், ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொட்டலம் என்று புது உத்தரவு போட்டார். டிரம்முக்கென்றே தனி விலாசப் பொடி. தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் சரி, எந்த டிரம்மில் புழு வளர்ந்தது என்று இனி துல்லியமாகத் தெரியும். அடுத்த சாவுக்குக் குழப்பம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. அப்படித்தான் அவள் காதில் விழுந்தது.

பொட்டலங்களை வாய்க்கால் தெருவில் விநியோகித்தவளும் சகாயசெல்விதான். ஒரு வாரம் கழித்து, போட்டார்களா என்று பார்க்கப் போனாள்.

பேச்சித்தாயின் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய எவர்சில்வர் பேசின். பத்தொன்பது பொட்டலங்களும் கிழிந்து கிடந்தன. பேசினில் இருந்த வெள்ளைப் பொடியைப் பேச்சித்தாய் அடைமாவு கலக்குகிறமாதிரி கரண்டியால் மேலும் கீழுமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். மாசானமுத்து தள்ளி ஒரு ஓரமாக நின்று, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் சுருட்டியதை வாங்கித்தான் பொடியைப் போட்டாள்.

ஆய்வாளரைப் பார்த்ததும் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். பேச்சித்தாய் எழவில்லை.

"அக்கா, அன்னைக்கு எங்க டிரம்முல பாட்டில முக்குனீங்களே. புழு இருந்துச்சா?"

சகாயசெல்வி இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள்.

"இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பதினாலு வீட்டுல இருந்துச்சு பேச்சி" என்றாள்.

கரண்டி நின்றது. பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். ரொம்ப நாளாகத் தெரிந்திருந்த ஒன்றை யாரோ கடைசியில் சொல்லிவிட்டார்கள் என்பதுபோல இருந்தது அந்த ஆட்டல். பக்கத்திலிருந்த பெண் அவள் தோளில் கை வைத்தாள். பிறகு கரண்டி மறுபடி நகர்ந்தது.

"இனிமே எந்த டிரம்முல புழு வந்தாலும் பத்தொம்பது வீட்டு எண்ணும்தான வரும்? அதான் வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம நாங்களே எல்லா டிரம்மயும் கவுத்துத் தேய்க்கோம். என் டிரம்ம அவ பாப்பா, அவ டிரம்ம நான் பாப்பேன்." பொடியைக் கூம்பில் கொட்டி மடித்தாள். "இது தப்பாக்கா? விதியில இருக்கா?"

சகாயசெல்வி நின்ற இடத்திலேயே துணைவிதிகளை ஒன்றிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பொடியைப் போடாமல் இருப்பது குற்றம். கொட்டிவிடுவது குற்றம். கலக்கக்கூடாது என்று யாரும் எழுதவில்லை. அப்படி ஒன்று அருளாளனுக்குத் தோன்ற இன்னும் சில மாதமாவது ஆகும்.

"விதியில அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள்.

பேச்சித்தாய் இப்போது எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டு, கதவை முழுசாகத் திறந்தாள். "வந்ததுதான் வந்தீங்க, டார்ச்சக் கொண்டு வாங்க, எங்க டிரம்மயும் பாத்துட்டுப் போயிடுங்க" என்றாள்.

அங்கே முடிந்து வெளியே வந்தபோது அடுத்த வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அதற்கு அடுத்ததும். பத்தொன்பதாவது டிரம் மூடியைத் திரும்ப மூடும்போது மணி ஒன்றரை. சகாயசெல்விக்கு முழங்கால் நன்றாக வலித்தது. அந்த வலியோடு, கைப்பேசியில் அன்றைய ஆய்வுப் பக்கத்தைத் திறந்தாள். எந்த விலாசத்தின் பேரில் உள்ளே சென்றீர்கள் என்று அது கேட்டது. கூப்பிட்டார்கள், போனேன் என்று எழுதினாள்.